-7.6 டிபிஎம் வருகிறது, ஆனாலும் நெட் அறுகிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் இரைச்சல் கூடாதா?

12 அக்டோபர் 2023, இரவு 9.40 | முதல்வீட்டுக்காரன்

எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்த அன்றே இணைப்பு வாங்கியவன் நான். ஆப்பரேட்டர் அறைக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு டீக்கடைதான். ஓஎன்டி (வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டி) அமைப்புப் பக்கத்தைத் திரையில் திறந்து பார்த்தால் உள்ளே வரும் ஒளி -7.6 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு) என்று காட்டுகிறது. தெருக்கோடியில் அத்தை வீட்டில் -19. அங்கே நாள் முழுக்கப் படம் ஓடுகிறது. எனக்கு மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து அறுந்து வருகிறது. ஆப்பரேட்டர் வந்து பார்த்துவிட்டு, "வெளிச்சம் அதிகம், அட்டென்யுவேட்டர் போட்டுக் குறைக்கணும், முந்நூறு ரூபாய் ஆகும்" என்கிறார். வெளிச்சத்தைக் குறைத்தால் இரைச்சல்தானே கூடும்? காசு பிடுங்கப் பார்க்கிறாரா?

12 அக்டோபர், இரவு 10.55 | பழைய கேபிள்காரன்

பிடுங்கவில்லை தம்பி. முந்நூறு அதிகம், அது வேறு விஷயம். சொன்னது சரி.

ஜிபானில் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) 'பி பிளஸ்' என்று ஒரு வகுப்பு உண்டு. அந்த வகுப்பு ஓஎன்டி -27 டிபிஎம் வரைக்கும் மங்கலான ஒளியைப் படித்தாக வேண்டும். -8க்கு மேல் ஒளி வந்தால் அது பொறுப்பில்லை. மைனஸ் கணக்கு என்பதால் எண் சிறுத்தால் வெளிச்சம் பெருக்கிறது, அதில் குழம்பிவிடாதே. -27 என்றால் 2 மைக்ரோவாட். -8 என்றால் 158 மைக்ரோவாட். கிட்டத்தட்ட எண்பது மடங்கு. உன் -7.6 வேலியைத் தாண்டி நிற்கிறது.

திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கருக்கு வால்யூமை முழுக்கத் திருப்பினால் பாட்டா கேட்கிறது? கரகரவென்று கிழியத்தான் செய்கிறது.

எந்த விளக்கு எரிகிறது என்று சொல். ஒளி வரவில்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் சிவப்பா, இணைப்பு நிலையைக் காட்டும் பான் பச்சையா?

13 அக்டோபர், காலை 7.05 | முதல்வீட்டுக்காரன்

எல்ஓஎஸ் எரியவே இல்லை அண்ணா. பான் மினுக்கிக்கொண்டே இருக்கும், பிறகு நின்று எரியும், திரும்ப மினுக்கும்.

13 அக்டோபர், காலை 7.20 | பழைய கேபிள்காரன்

அப்படியென்றால் ஒளி வருகிறது, பெட்டிக்குத்தான் படிக்க முடியவில்லை. ஒளி கூடினால் இரைச்சல் குறையும், ஆனால் ஒரு எல்லை வரைதான். வேலைக்குக் கிளம்புகிறேன், இரவு எழுதுகிறேன்.

13 அக்டோபர், இரவு 11.30 | பழைய கேபிள்காரன்

உன் கேள்வியில் பாதிக்கு நேற்று பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். வெளிச்சம் குறைந்தால் இரைச்சல் கூடுமா என்று கேட்டாய். எந்த இரைச்சல் என்பதைப் பொறுத்தது.

பெட்டியில் ஒளியைப் படிக்கும் ரிசீவருக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாவது சூட்டு இரைச்சல். மின்தடைக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் சூட்டில் சும்மா இருக்காமல் அலைவதால் வருவது. 1928இல் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒளி வந்தாலும் வராவிட்டாலும் இது அதே அளவில் இருக்கும்.

இரண்டாவது ஷாட் இரைச்சல். 1918இல் ஷாட்கி, வால்வுக்குள் ஓடும் எலக்ட்ரான்களை வைத்துச் சொன்னது. தகரக் கூரையில் மழை பெய்வதைக் கேள். ஒரே சீராகப் பெய்கிற மழையில்கூட ஒரு நொடிக்கு விழும் துளிகள் எண்ணினால் ஒன்றுபோல் இராது. 100 துளி எதிர்பார்த்தால் 10 முன்னே பின்னே இருக்கும். 10,000 எதிர்பார்த்தால் 100 முன்னே பின்னே. ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது.

மூன்றாவது, லேசர் பிறந்த வீட்டிலிருந்தே கொண்டுவருவது. லேசரின் ஒளி அசையாமல் நிற்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும். 'ரின்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இப்போது கணக்கு. ஒளி இரட்டித்தால், அதை மின்னோட்டமாக்கும் டையோடிலிருந்து வரும் மின்னோட்டமும் இரட்டிக்கும். ஆனால் மின்திறன் மின்னோட்டத்தின் வர்க்கம், அதனால் நாலு மடங்காகும். டெசிபெல் என்பது மடங்குக் கணக்கு, 3 ஏறினால் இரட்டிப்பு, 10 ஏறினால் பத்து மடங்கு. ஒளியில் 1 டெசிபெல் என்பது மின்பக்கம் 2 டெசிபெல் என்று வைத்துக்கொள். சூட்டு இரைச்சல் அசையாமல் கிடப்பதால், அது ஆளும் இடத்தில் 1 டெசிபெல் ஒளி கூட்டினால் 2 டெசிபெல் லாபம். ஷாட் இரைச்சல் ஒளியோடு சேர்ந்து 1 டெசிபெல் ஏறும், அங்கே லாபம் 1. ரின் சிக்னலோடு சரிக்குச் சரி 2 டெசிபெல் ஏறும். அங்கே எவ்வளவு ஒளியைக் கொட்டினாலும் லாபம் பூஜ்யம்.

அதற்கும் மேலே போனால் ஆம்ப்ளிஃபயரின் தலை கூரையில் முட்டும். உன் பெட்டி இருப்பது அங்கே.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். உனக்கு வரும் ஒளியின் 1490 நானோமீட்டர் அலைநீளத்தில், 2.488 ஜிகாபிட் வேகத்தில், -27 டிபிஎம் என்றால் ஒரு பிட்டுக்குச் சராசரியாக 6,000 ஃபோட்டான். -8 என்றால் 4 லட்சத்து 78 ஆயிரம். இரைச்சலே இல்லாத, ஒவ்வொரு ஃபோட்டானையும் எண்ணுகிற ரிசீவர் இருந்தால், நூறு கோடி பிட்டுக்கு ஒரு தப்பு என்ற கணக்குக்குப் பத்தே ஃபோட்டான் போதும். பத்து பேர் சாப்பிட வரும் வீட்டில் நாலே முக்கால் லட்சம் பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறாய்.

14 அக்டோபர், காலை 6.50 | பழைய கேபிள்காரன்

நேற்று காலை அவசரத்தில் "ஒளி கூடினால் இரைச்சல் குறையும்" என்று எழுதியது தப்பு. எந்த இரைச்சலும் குறைவதில்லை. சூட்டு இரைச்சல் அப்படியே நிற்கிறது, மற்ற இரண்டும் கூடுகின்றன. சிக்னல் அவற்றைவிட வேகமாக ஏறுவதால் நமக்குக் குறைந்த மாதிரித் தெரிகிறது. இரவு எழுதியதைப் படித்தபிறகுதான் காலையில் எழுதியது உறுத்தியது. அழிக்காமல் விடுகிறேன்.

14 அக்டோபர், பிற்பகல் 2.15 | பழைய கேபிள்காரன்

இங்கே வேறொருவர், ஃபைபரில் ஒலியே இல்லையே, எதற்கு இரைச்சல் என்ற சொல் என்று தனிச்செய்தியில் கேட்டார். கடல் இரையும், வயிறு இரையும், கூட்டம் இரையும். வேண்டாதது சேர்ந்து வருவதற்கு அந்தச் சொல் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் கம்பத்தில் ஏறுகிறவர் யாரும் இரைச்சல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'லாஸ்', 'டிராப்', 'எரர்'. அவ்வளவுதான் எங்கள் அகராதி.

15 அக்டோபர், இரவு 10.10 | பழைய கேபிள்காரன்

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. என் கதை ஒன்று.

2008. அனலாக் கேபிள் காலம். ஒரு கன்ட்ரோல் ரூமில் வேலை. 1550 நானோமீட்டர் டிரான்ஸ்மிட்டர், அதற்கப்புறம் ஒளியையே பெருக்கும் ஈடிஎஃப்ஏ, அங்கிருந்து ஊரெல்லாம் ஒளியை மின்சிக்னலாக மாற்றும் நோடு பெட்டிகள். தூரத்து நோடுகளில் படம் புள்ளி புள்ளியாக வருகிறது என்று புகார். ஈடிஎஃப்ஏ முகப்பில் ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் பவர் ஏறுகிறது, இதற்குப் போய் ஏன் இவ்வளவு யோசனை என்று ஏற்றிவிட்டேன். தூரத்து ஏரியா பளிச்சென்று ஆனது. எனக்கு நானே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் பக்கத்து ஏரியாவிலிருந்து போன். படத்தின் மேல் சாய்வுக் கோடுகள் நெளிகின்றன. அடுத்த போன், அதற்கடுத்த போன். கிட்டே இருந்த நோடுகளில் ஒளி தாங்கும் அளவைத் தாண்டி, ஆம்ப்ளிஃபயர் நெளிந்து, ஒரு சேனல் இன்னொரு சேனலுக்குள் விழுந்திருக்கிறது. முதலாளி என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது. இரவு ஒரு மணிக்குத் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பதினோரு நோடுக்கு 5 டெசிபெல் அட்டென்யுவேட்டர் மாட்டினேன். ஒவ்வொன்றாக மூடியைத் திறக்கும்போது உள்ளே இருந்து பல்லி குதித்தது.

பிறகு ஒளி ஏஜிசி (அளவைத் தானே சரிசெய்யும் சுற்று) உள்ள நோடுகள் வந்தன. உள்ளே வரும் ஒளி -7இலிருந்து +2 டிபிஎம் வரை எப்படி ஆடினாலும் வெளியே போகும் மின் அளவு ஒரே மாதிரி நிற்கும். இனி அட்டென்யுவேட்டர் வேண்டாம் என்று கொண்டாடினோம். -7 வந்த நோடில் அளவு சரியாக இருந்தது, படம் மட்டும் புள்ளியாகவே இருந்தது. அப்போதுதான் மண்டையில் ஏறியது: ஏஜிசி டையோடுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. இரைச்சல் சேர்வது டையோடிலும் அதை ஒட்டிய முதல் ஆம்ப்ளிஃபயரிலும். பால் கடையிலேயே தண்ணீர் கலந்துவிட்டால் வீட்டில் அளவுக் குவளையை மாற்றி என்ன பயன். குமிழ் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் 'தானியங்கிக் கட்டுப்பாடு' என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது.

16 அக்டோபர், காலை 8.30 | பழைய கேபிள்காரன்

தம்பி, ஒரு சந்தேகம் இரவெல்லாம் அரித்தது. -8 எல்லை, உன்னுடையது -7.6. வெறும் 0.4 டெசிபெல்லுக்கு ஒரு பெட்டி இப்படித் தடுமாறுமா? நான் பார்த்த பெட்டிகள் ஒன்றிரண்டு டெசிபெல் கூடுதலை முணுமுணுக்காமல் தாங்கும்.

அந்தத் திரையில் தெரியும் எண்ணை நம்பாதே. ஒளி மாட்யூல்களுக்கான எஸ்எஃப்எஃப்-8472 விதிப்படி உள்ளே வரும் ஒளியின் அளவு 3 டெசிபெல் முன்னே பின்னே காட்டலாம், தப்பில்லை. ஆகவே உன் -7.6 என்பது -4.6ஆகவும் இருக்கலாம், -10.6ஆகவும் இருக்கலாம். ஆப்பரேட்டரிடம் பவர் மீட்டர் வைத்து அளக்கச் சொல். 1490 என்று அமைத்துவிட்டு அளக்க வேண்டும்.

16 அக்டோபர், மாலை 6.40 | முதல்வீட்டுக்காரன்

அளந்தார் அண்ணா. +1.2 காட்டியது! அவரே பயந்துவிட்டார். மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

16 அக்டோபர், மாலை 6.52 | பழைய கேபிள்காரன்

அதே கம்பியில் டிவியும் வருகிறதா?

16 அக்டோபர், மாலை 6.55 | முதல்வீட்டுக்காரன்

ஆமாம்.

16 அக்டோபர், இரவு 7.30 | பழைய கேபிள்காரன்

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஏனென்றால் நானும் இதே குழியில் விழுந்தவன். சாதா பவர் மீட்டருக்கு நிறம் தெரியாது. 1490 என்று நீ திருப்பி வைப்பது உள்ளே இருக்கும் கணக்கைத்தான் மாற்றுகிறது, மற்ற நிறத்தைத் தடுப்பதில்லை. டிவிக்கு வரும் 1550 ஒளியையும் சேர்த்துக் கூட்டிக் காட்டிவிட்டது. நிறம் பிரித்து அளக்கும் பான் மீட்டர் வேண்டும். அவரிடம் இல்லையென்றால் பக்கத்து ஊர் ஆளிடம் இருக்கும், ஒரு நாள் வாங்கிவரச் சொல்.

17 அக்டோபர், இரவு 8.05 | முதல்வீட்டுக்காரன்

பான் மீட்டர் கிடைத்தது. 1490இல் -4.8. 1550இல் 0.

17 அக்டோபர், இரவு 8.40 | பழைய கேபிள்காரன்

கூட்டிப் பார்: 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட், -4.8 என்பது 0.33. இரண்டும் சேர்ந்து 1.33 மில்லிவாட், அதாவது +1.2. மீட்டர் பாவம், பொய் சொல்லவில்லை.

திரையில் -7.6, உண்மையில் -4.8. எல்லையை 3 டெசிபெல்லுக்கு மேல் தாண்டியிருக்கிறாய், இரட்டிப்புக்கும் அதிகம். இப்போது கதை பொருந்துகிறது. அந்தப் பெட்டியை இப்படியே ஓட்டாதே. ஒருமுறை மேஜை மேல் வைத்துச் சோதிக்கும் அவசரத்தில் ஆப்பரேட்டர் அறைப் பெட்டியான ஓஎல்டியிலிருந்து ஓஎன்டிக்கு நடுவில் ஒன்றும் இல்லாமல் பேட்ச் கார்டு என்னும் குட்டி ஃபைபரைச் சொருகினேன். அந்த ஓஎன்டி அதற்கப்புறம் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

18 அக்டோபர், இரவு 11.15 | பழைய கேபிள்காரன்

இதுவரை நாம் பேசியது வீட்டுக்கு வரும் திசை. உண்மையான சிக்கல் மறுபக்கம், உன் வீட்டிலிருந்து ஆப்பரேட்டர் அறைக்குப் போகும் 1310 ஒளியில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எனக்கு எழுத ஆசை.

ஓஎல்டியின் ஒரு போர்ட்டில் அறுபத்து நாலு வீடு தொங்குகிறது. எல்லோரும் ஒரே கம்பியில், முறைவைத்துப் பேசுகிறார்கள். நீ பேசி முடித்ததும் அத்தை வீடு. நீ காதுக்குள் கத்துகிறாய், அத்தை எட்டத்தில் நின்று முணுமுணுக்கிறார். பி பிளஸ் கணக்கில் ஓஎல்டி ரிசீவர் -28இலிருந்து -8 வரை கேட்க வேண்டும். 20 டெசிபெல், நூறு மடங்கு வித்தியாசம். ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியில் கிடைப்பது 96 பிட். 1.244 ஜிகாபிட் வேகத்தில் அது 77 மைக்ரோ நொடி. அதற்குள் ரிசீவர் தன் அளவைத் திரும்பச் சரிசெய்து, எது 0 எது 1 என்று கோடு போட வேண்டும். உன் கத்தலின் வால் அடங்குவதற்குள் அத்தை பேசத் தொடங்கினால், அத்தையின் முதல் சொற்கள் போச்சு. அது இரைச்சலே இல்லாமல் இரைச்சல் செய்கிற வேலை.

இதற்கு அழகான ஒரு மருந்து 2003இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-டி வெளியிட்ட ஜி.984.2 தரத்திலேயே இருக்கிறது. ஓஎல்டி ஒவ்வொரு வீட்டின் ஒளியையும் அளக்கும். ஒரு வீடு அதிகமாகக் கத்தினால், "3 டெசிபெல் குறை" என்று அந்த ஓஎன்டிக்கே சொல்லும். போதாவிட்டால் 6. மங்கலாக வந்தால் "முழுசாகப் பேசு" என்று ஏற்றச் சொல்லும். மொத்தம் மூன்று படி. ரிசீவரைத் திருத்துவதற்குப் பதில் பேசுகிறவனைத் திருத்துவது. குமிழ் டையோடுக்கு முன்னால், கம்பியின் அந்தக் கோடியில். 20 டெசிபெல் இடைவெளி 14ஆகச் சுருங்கினால் ரிசீவருக்கு எவ்வளவு நிம்மதி.

நான் கை வைத்த பெட்டிகளில் அந்த மெனுவை ஒருமுறைகூடக் கண்டதில்லை. தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன்.

19 அக்டோபர், காலை 6.30 | பழைய கேபிள்காரன்

77 நானோ நொடி. மைக்ரோ அல்ல. நானோ. சுட்டிக்காட்டிய மூன்று பேருக்கும் நன்றி, மூன்றாமவர் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க வேண்டாம். 77 மைக்ரோ நொடி கிடைத்தால் ரிசீவர் நடுவில் டீ குடித்துவிட்டு வந்துவிடும்.

19 அக்டோபர், இரவு 9.00 | முதல்வீட்டுக்காரன்

வேலை முடிந்தது அண்ணா! அட்டென்யுவேட்டர் கைவசம் இல்லை என்றார். ஃபைபரை ஒரு பால்பாயின்ட் பேனாவில் நாலு சுற்று சுற்றி, செலோ டேப் ஒட்டி, பெட்டிக்குப் பின்னால் மாட்டிவிட்டார். -13. காசும் வாங்கவில்லை. நெட் பறக்கிறது.

19 அக்டோபர், இரவு 9.25 | பழைய கேபிள்காரன்

ஐயோ.

நானும் செய்திருக்கிறேன், அதனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை. நான் சுற்றியது பென்சில். வளைத்தால் ஒளி கசியும், அது உண்மைதான். ஆனால் எல்லா நிறமும் ஒரே அளவு கசியாது. அலைநீளம் கூடக் கூட அதிகம் கசியும். நீ பேசும் 1310இல் கொஞ்சம், உனக்கு வரும் 1490இல் அதிகம், டிவியின் 1550இல் இன்னும் அதிகம். கடையில் வாங்கும் அட்டென்யுவேட்டர் மூன்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைக்கும். நீ ஓஎல்டி காதில் கத்துவது பேனாவால் அவ்வளவாகக் குறைந்திருக்காது.

வளைவுக்கு அசராத ஜி.657 ரகக் கம்பியாக இருந்தால் பேனா இவ்வளவு குறைத்திருக்காது. உன் வீட்டுக்கு வந்தது பழைய ரகம் என்று தெரிகிறது. டேப் எத்தனை நாள் பிடிக்கும் என்று பார்ப்போம்.

21 அக்டோபர், இரவு 10.30 | பழைய கேபிள்காரன்

பேனாவை நினைத்துக்கொண்டே இருந்ததில் இன்னொரு குமிழ் ஞாபகம் வந்தது. அது டையோடிலேயே இருக்கிறது. -27 வரை கேட்க வேண்டிய ரிசீவரில் சாதா டையோடு வைப்பதில்லை, ஏபிடி. ஒரு ஃபோட்டான் விழுந்தால் ஒரு எலக்ட்ரான் என்பதோடு நிற்காமல், உள்ளேயே சரிவு உண்டாக்கிப் பத்தாகப் பெருக்கும். ஆனால் பெருக்குவது சீட்டுக்குலுக்கல் மாதிரி: ஒருமுறை ஏழு, ஒருமுறை பதினாலு. அந்தத் தாறுமாறு தனி இரைச்சலாகச் சேரும்.

மங்கலான ஒளியில் சூட்டு இரைச்சல்தான் ராஜா, அங்கே பெருக்கம் கூடினால் நல்லது. ஒளி நன்றாக வந்தால் சூட்டு இரைச்சலைப் பற்றிக் கவலையே இல்லை, பெருக்கம் கொண்டுவரும் தாறுமாறுதான் கெடுக்கும், அதைத் தாழ்த்த வேண்டும். ஏபிடிக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் பெருக்கம் ஏறி இறங்கும். ஒளியைப் பார்த்து அழுத்தத்தைத் தானே மாற்றும் சுற்றை வைக்கலாம்.

அதற்கு ஒரு சக்களத்தி உண்டு, வெயில். சூடு ஏறினால் அதே பெருக்கத்துக்கு அதிக அழுத்தம் வேண்டும். மாட்யூலுக்குள் சூட்டுக்கு இவ்வளவு என்று ஒரு அட்டவணை எழுதி வைத்திருப்பார்கள். ஒரு கத்திரி வெயில் காலத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் ஓஎல்டி. மதியம் இரண்டு மணிக்கு மேல் தூரத்து வீடுகளில் எரர், மாலை ஐந்துக்குச் சரியாகிவிடும். நாலு நாள், கம்பியில் எங்கே பழுது என்று காட்டும் ஓடிடிஆர் வைத்துத் தேடினேன். கடைசியில் பார்த்தால் பெட்டியின் விசிறி நின்றுபோய் அதற்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

22 அக்டோபர், இரவு 9.50 | பழைய கேபிள்காரன்

கடலுக்கு அடியில் போகும் கேபிளில் இதெல்லாம் எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் கரையிலேயே நின்றவன், படித்ததைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்த கேபிள், தீவுகளுக்கு நடுவில் போவதையும் சேர்த்துச் சுமார் 2,300 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்தில் வழிநெடுக ஒளி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அவை ஒவ்வொன்றும் சிக்னலோடு தன் இரைச்சலையும் சேர்த்து அனுப்பும். ஒளியை ஏற்றி அதை அமுக்கலாம் என்றால், ஒளி மிஞ்சும்போது கண்ணாடியே சிக்னலைக் கசக்கத் தொடங்கும். அந்தக் கசக்கல் ஒளியின் மூன்றாம் படிக்கு ஏறும். கணக்குப் போட்டவர்கள் சொல்லும் உத்தம இடம், கசக்கல் இரைச்சல் ஆம்ப்ளிஃபயர் இரைச்சலில் பாதியாக இருக்கும் புள்ளி.

ரிசீவரில் அங்கே இன்னொரு தந்திரம். வரும் மங்கல் ஒளியோடு உள்ளூர் லேசர் ஒன்றின் ஒளியைக் கலந்து டையோடில் விழவைப்பார்கள். உள்ளூர் லேசரைக் கூட்டினால் அதன் ஷாட் இரைச்சல் சூட்டு இரைச்சலை மூழ்கடிக்கும், அதுவரை லாபம். அதற்குமேல் கூட்டினால் அந்த லேசரின் நடுக்கம்தான் மிஞ்சும். இரண்டு டையோடு வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நடுக்கம் பெரும்பாலும் அடிபடும், முழுக்க அடிபடாது. ஆகவே உள்ளூர் லேசருக்கும் கூடாமல் குறையாமல் ஓர் இடம் உண்டு. உன் தெருவுக்கும் அந்தமானுக்கும் ஒரே தலைவலிதான், அவர்களிடம் பேனா இல்லை.

28 அக்டோபர், இரவு 7.45 | முதல்வீட்டுக்காரன்

அண்ணா, எல்ஓஎஸ் சிவப்பு. மழை பிடித்ததிலிருந்து. இரண்டு நாளாகவே டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது, செட்டாப் பாக்ஸ் கோளாறு என்று நினைத்தோம். நெட் நன்றாகத்தான் இருந்தது. இன்று மாலை அதுவும் போய்விட்டது.

28 அக்டோபர், இரவு 8.10 | பழைய கேபிள்காரன்

பேனாவைப் பார்.

28 அக்டோபர், இரவு 8.30 | முதல்வீட்டுக்காரன்

டேப் ஈரத்தில் விட்டு, பேனா நழுவிக் கீழே தொங்குகிறது. அதன் கனத்தில் கனெக்டர் பக்கம் கம்பி ஒடிகிற மாதிரி மடங்கியிருக்கிறது.

28 அக்டோபர், இரவு 9.40 | பழைய கேபிள்காரன்

முதலில் டிவி போனது, பிறகு நெட். 1550 முன்னால், 1490 பின்னால். கம்பி மடங்குகிறது என்று டிவி இரண்டு நாள் முன்பே சொல்லியிருக்கிறது. அதை நான் முன்னாடியே எழுதி வைத்திருக்க வேண்டும்: டிவி கெட்டு நெட் நன்றாக இருந்தால் எங்கேயோ வளைவு.

எனக்கு இப்போது வேறொரு குறை. முதல் நாள் நீ கேட்டபோது, ஆப்பரேட்டர் சொன்னது சரி, குறைக்க வேண்டும் என்றேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, உனக்கு மட்டும் ஏன் -4.8 வந்தது என்பது. பி பிளஸ் கணக்கில் ஓஎல்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் குறைந்தது 13 டெசிபெல் இழப்பு இருந்தாக வேண்டும். ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இரண்டைத் தாண்டினால் அதுவே 21 வரும். ஒரே ஒரு எட்டு ஸ்ப்ளிட்டர் என்றால் பத்தரை. அவர் ஓஎல்டியில் மாட்டியிருப்பது +6, +7 டிபிஎம் ஒளி விடும் மாட்யூலாக இருந்தால், கனெக்டர் இழப்பையும் கழித்துப் பார், -4.8க்குக் கிட்டே வந்து நிற்கிறாய். முதல் இணைப்பு என்று உனக்கு முதல் ஸ்ப்ளிட்டரிலிருந்தே நேராக இழுத்திருக்கிறார். அவரிடம் கேள்.

அட்டென்யுவேட்டரும் பேனாவும் ஒரே இடத்தில் நிற்கும் குமிழ்கள். மழையில் ஜாயின்ட் பாக்ஸுக்குள் தண்ணீர் போய் 5 டெசிபெல் காணாமல் போனால் அவை தளர்ந்து கொடுக்கா. மூன்று படி ஏற்றி இறக்கும் அந்த மெனு இருந்திருந்தால் உன் கத்தலையாவது ஓஎல்டியே அடக்கியிருக்கும். உனக்கு வரும் ஒளியை அதுவும் குறைக்காது, அது எல்லா வீட்டுக்கும் பொது.

30 அக்டோபர், மாலை 5.20 | முதல்வீட்டுக்காரன்

சரியாகச் சொன்னீர்கள். "நீங்க முதல் கஸ்டமர், அதான் ஸ்பெஷலா முதல் பாக்ஸ்லயே குடுத்தேன்" என்றார். இன்று கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டு, டீக்கடைக்கு எதிர்க் கம்பத்தில் இருக்கும் இரண்டாவது ஸ்ப்ளிட்டரில் மாற்றிவிட்டார். பான் மீட்டரில் -16.1, டிவியும் சரி. ஓஎன்டி திரை -18.4 காட்டுகிறது.

30 அக்டோபர், இரவு 9.15 | பழைய கேபிள்காரன்

அது இன்னும் 2 டெசிபெல்லுக்கு மேல் குறைத்தே காட்டுகிறது பார், பெட்டிக்கு அதுவே சுபாவம். கழித்துப் படித்துக்கொள். அத்தை வீட்டில் எவ்வளவு என்று மழை விட்டதும் ஒருமுறை பார்த்துவிடு, -19 என்பதும் ஓஎன்டி திரை சொன்னதுதானே.

30 அக்டோபர், இரவு 9.30 | முதல்வீட்டுக்காரன்

நாளைக்குப் பார்க்கிறேன். ஆப்பரேட்டர் போகும்போது பேனாவைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.